வாக்குப் பெட்டியும் ஊசலும்

(பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மக்கள் மன்றத் தேர்தல்கள்)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

முதலாண்டில் நாங்கள் ஆய்வகத்தில் செய்த முதல் சோதனை தனி ஊசல். நூலின் நுனியில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு பக்கம் மெல்ல இழுத்து விட்டு, இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்வோம். இடப்பக்கம் எவ்வளவு தூரம் போகிறதோ, ஏறத்தாழ அவ்வளவு தூரம் வலப்பக்கமும் வரும். அரசியல் பேசுகிறவர்களுக்கும் இந்த ஊசல் பிடித்தமான உவமை. இன்று இவர்கள், நாளை அவர்கள், ஊசல் ஆடிக்கொண்டேதான் இருக்கும் என்று எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பேச்சுப் போட்டிக்காக ஆபிரகாம் லிங்கனைப் பற்றிக் குறிப்பெடுக்க நமது கல்லூரி நூலகத்துக்குச் சென்றேன். குறிப்பெடுக்கப் போன இடத்தில் லிங்கனை விட்டுவிட்டு, அவர் காலத்துத் தேர்தல்களில் மாட்டிக்கொண்டேன். ஒரே தேர்தலில் ஒரு கட்சி நூறு இடங்களை இழக்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் திரும்பி வருகிறது. ஒரு பெரிய கட்சி இருந்த சுவடே தெரியாமல் மறைகிறது. ஊசல் உவமை எவ்வளவு பொருத்தம் என்று முதலில் வியந்தேன். மேலும் படிக்கப் படிக்க, நாட்டின் ஒரு பகுதியில் அந்த ஊசல் நின்றுபோனதைக் கண்டேன். அது தானாக நிற்கவில்லை. கையை வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் கதையைச் சக மாணவர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை. வரலாறு என் பாடமன்று. ஆகவே வரலாற்றுத் துறைப் பேராசிரியர்கள் என் துணிவைப் பொறுத்தருள்க.

இரண்டு சபைகள்

அமெரிக்காவில் 'காங்கிரஸ்' என்பது கட்சியின் பெயரன்று. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பெயர். 1787ஆம் ஆண்டு எழுதப்பட்ட அரசியல் சட்டப்படி அதற்கு இரண்டு சபைகள். ஒன்று பிரதிநிதிகள் சபை. இதன் உறுப்பினர்களை மக்களே நேரடியாக இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். மற்றொன்று செனட் சபை. சிறிய மாநிலமானாலும் பெரிய மாநிலமானாலும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு உறுப்பினர், பதவிக்காலம் ஆறாண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் செனட் உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. 1913இல் வந்த பதினேழாம் திருத்தத்துக்குப் பிறகே அந்த உரிமை மக்கள் கைக்கு வந்தது. அதனால் அக்காலத்தில் மாநிலச் சட்டமன்றத் தேர்தல் என்பது உள்ளூர் விவகாரமாக மட்டும் இருக்கவில்லை.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு லிங்கனே. 1858இல் இல்லினாய் மாநிலத்தில் லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் ஏழு ஊர்களில் எதிரெதிர் மேடையேறி வாதிட்டார்கள். கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து கேட்டார்கள். ஆனால் அம்மக்களில் ஒருவர்கூட லிங்கனுக்கோ டக்ளஸுக்கோ நேராக வாக்களிக்க முடியாது. மக்கள் தேர்ந்தெடுத்தது மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களை. அந்தச் சட்டமன்றம் 1859 ஜனவரியில் 54க்கு 46 என்ற கணக்கில் டக்ளஸைச் செனட்டுக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே லிங்கன் ஜனாதிபதித் தேர்தலில் வென்றது தனிக் கதை.

பிரதிநிதிகள் சபையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதை மக்கள்தொகை முடிவு செய்யும். பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடக்கும். இங்கேதான் அரசியல் சட்டம் ஓர் அநீதியோடு பிறந்தது. தென் மாநிலங்களில் பண்ணைகளில் உழைத்த அடிமைகளுக்கு வாக்கு இல்லை. ஆனால் இடங்களைக் கணக்கிடும்போது மட்டும் ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு மனிதனாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கூடுதல் இடங்களால் வலிமை பெற்றவர்கள் அடிமைகளின் எசமானர்களே.

வண்ணச் சீட்டும் கோணல் தொகுதியும்

வாக்களிப்பு எப்படி நடந்தது? இன்று நாம் அறிந்த மறைவிடமும் அரசு அச்சிட்ட வாக்குச்சீட்டும் அந்நூற்றாண்டின் பெரும்பகுதியில் இல்லை. சில இடங்களில் வாக்காளர் வாய்விட்டே தம் தேர்வைச் சொன்னார். பல இடங்களில் கட்சிகளே சீட்டு அச்சிட்டுக் கொடுத்தன. ஒவ்வொரு கட்சிச் சீட்டும் தனி நிறம், தனி அளவு, தனிப் படம். வாக்காளர் அதை வாங்கி, எல்லோர் கண்ணெதிரிலும் பெட்டியில் போடுவார். யார் யாருக்குப் போட்டார் என்பது முதலாளிக்கும் தெரியும், கட்சிக்காரனுக்கும் தெரியும். மிரட்டலுக்கும் விலைபேசுவதற்கும் வேறென்ன வேண்டும்? ஆனால் அதில் ஒரு வசதியும் இருந்தது. எழுத்தறியாதவரும் நிறத்தையும் படத்தையும் பார்த்துத் தம் கட்சிக்கு வாக்களிக்க முடிந்தது. இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இது தேவைப்படும்.

தொகுதிப் பிரிப்பிலும் சூழ்ச்சி இருந்தது. 1812இல் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி, தம் கட்சிக்குச் சாதகமாக மாநில மேலவைத் தொகுதிகளைப் பிரித்த சட்டத்தில் கையொப்பமிட்டார். அவற்றில் ஒரு தொகுதி கோணல்மாணலாக வளைந்து, பல்லியைப் போன்ற சாலமாண்டர் என்னும் பிராணியின் உருவத்தில் இருந்தது. செய்தித்தாள் ஒன்று அதற்குச் சிறகும் நகமும் வரைந்து, ஆளுநர் பெயரையும் பிராணியின் பெயரையும் இணைத்து 'ஜெரிமாண்டர்' என்று பெயர் சூட்டியது. அந்தத் தேர்தலில் மொத்த வாக்குகளில் ஜெரியின் கட்சி சற்றே பின்தங்கியது. ஆனாலும் நாற்பது இடங்களில் 29 அதற்கே கிடைத்தன. வாக்கு வேறு, இடம் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஒரு கட்சி மறைந்த கதை

நூற்றாண்டின் நடுவில் இரண்டு பெரிய கட்சிகள் இருந்தன. ஒன்று ஜனநாயகக் கட்சி. மற்றொன்று விக் கட்சி. 1840இலும் 1848இலும் ஜனாதிபதித் தேர்தலில் வென்ற கட்சி அது. லிங்கனே 1847 முதல் 1849 வரை விக் கட்சி சார்பில் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்தவர்தான்.

1854இல் டக்ளஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தார். மேற்கே புதிதாகக் குடியேறும் கான்சாஸ், நெப்ராஸ்கா நிலப்பகுதிகளில் அடிமைமுறை இருக்கலாமா என்பதை அங்குக் குடியேறுவோரே முடிவு செய்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். அந்தப் பகுதியில் அடிமைமுறை கூடாது என்று 1820இல் செய்த உடன்படிக்கை இதனால் உடைந்தது. பிரதிநிதிகள் சபையில் 113க்கு 100 என்ற கணக்கில் சட்டம் நிறைவேறியது. வட மாநிலங்கள் கொதித்தெழுந்தன.

அக்காலத்தில் எல்லா மாநிலங்களுக்கும் ஒரே தேர்தல் நாள் கிடையாது. 1854இல் தொடங்கிய தேர்தல் 1855 இறுதி வரை மாநிலம் மாநிலமாக நடந்தது. சட்டத்தை ஆதரித்து வாக்களித்த வடபகுதி ஜனநாயகக் கட்சியினர் 44 பேர். அவர்களில் மீண்டும் சபைக்கு வந்தவர்கள் ஏழே பேர்! விக் கட்சியோ வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிளந்து சில ஆண்டுகளில் மறைந்தே போயிற்று. அந்த வெற்றிடத்தில் இரண்டு புதிய கட்சிகள் முளைத்தன. ஒன்று, அடிமைமுறை பரவுவதை எதிர்த்து 1854இல் பிறந்த குடியரசுக் கட்சி. மற்றொன்று, அயர்லாந்து முதலிய நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களையும் கத்தோலிக்கரையும் வெறுத்த அமெரிக்கக் கட்சி. இரகசியச் சங்கமாகத் தொடங்கிய அக்கட்சியினர், யார் என்ன கேட்டாலும் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பார்களாம். அதனால் மக்கள் அவர்களை 'ஒன்றும் அறியாதார்' என்றே அழைத்தார்கள்.

புதிய சபை 1855 டிசம்பரில் கூடியபோது எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. சபாநாயகரைத் தேர்ந்தெடுக்க வாக்கெடுப்பு நடந்தது. முடிவில்லை. மீண்டும் நடந்தது, மீண்டும் முடிவில்லை. ஒன்றிரண்டல்ல, 133 வாக்கெடுப்புகள். இரண்டு மாத காலம். கடைசியில், அதிக வாக்குப் பெற்றவரே வென்றவர் என்று விதியைத் தளர்த்தி, 1856 பிப்ரவரி 2ஆம் நாள் 103க்கு 100 என்ற கணக்கில் நத்தானியல் பாங்க்ஸ் சபாநாயகர் ஆனார். பாங்க்ஸ் சிறுவயதில் பஞ்சாலையில் நூற்கட்டைகளை எடுத்துப் போடும் வேலை பார்த்தவர். பெரிய பள்ளிப் படிப்பு இல்லாதவர். 'நூற்கட்டைப் பையன்' என்ற பெயர் அவருக்குக் கடைசி வரை நிலைத்தது. அவர் தோற்கடித்தது தெற்குக் கரோலினாவின் பெரும் பண்ணை உரிமையாளரும் அடிமைகளின் எசமானருமான வில்லியம் எய்கனை. பஞ்சாலைப் பையன் பண்ணை எசமானரை வென்றார் என்று படித்தபோது, நூலகத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கைதட்டத் தோன்றியது.

அடிமை வீட்டிலிருந்து அவைக்கு

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரை நாம் அனைவரும் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். போருக்குப் பின் நடந்தது நம் பாடப் புத்தகத்தில் அதிகம் இல்லை.

1866 தேர்தலில் குடியரசுக் கட்சி இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட பலம் பெற்றது. ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் மறுத்தபோதும் அவரை மீறிச் சட்டம் செய்யும் வல்லமை காங்கிரசுக்கு இருந்தது. 1867இல் தெற்கில் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை கிடைக்க வழி பிறந்தது. 1870இல் வந்த பதினைந்தாம் திருத்தம், இனத்தையோ நிறத்தையோ முன்னாள் அடிமை நிலையையோ காட்டி வாக்குரிமையை மறுக்கக்கூடாது என்றது. பெண்களுக்கு மட்டும் நாடு தழுவிய வாக்குரிமை 1920 வரை கிடைக்கவில்லை.

அதே 1870இல் மிஸிஸிப்பி சட்டமன்றம் ஹைராம் ரெவல்ஸ் என்ற கறுப்பின மதபோதகரைச் செனட்டுக்கு அனுப்பியது. அதே ஆண்டு டிசம்பரில் தெற்குக் கரோலினாவிலிருந்து ஜோசப் ரெய்னி பிரதிநிதிகள் சபைக்கு வந்தார். அவர் அடிமையாகப் பிறந்தவர்; முடிதிருத்தும் தொழில் செய்தவர். பின்னர் வந்த ராபர்ட் ஸ்மால்ஸின் வாழ்க்கை கதைகளையும் மிஞ்சியது. அடிமையாக இருந்தபோது, 1862இல் ஓர் இரவு, தாம் வேலை செய்த கப்பலையே தம் குடும்பத்தோடும் தோழர்களோடும் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து ஓட்டிச் சென்று வடவர் படையிடம் ஒப்படைத்தவர் அவர். விடுதலை பெற்ற பின்பே எழுதப் படிக்கக் கற்றார். 1875இல் சபை உறுப்பினராக அமர்ந்தார். 1870க்கும் 1901க்கும் இடையில் இருபது கறுப்பினத்தவர் பிரதிநிதிகள் சபையிலும், இருவர் செனட்டிலும் பதவி வகித்தார்கள்.

ஊசல் ஆடிய இருபதாண்டுகள்

1873 செப்டம்பரில் ஜே குக் என்பவரின் பெரிய வங்கி நிறுவனம் முறிந்தது. தொடர்ந்து வங்கிகள் மூடின, இரயில்பாதை வேலைகள் நின்றன, கூலி குறைந்தது. போர் முடிந்து ஒன்பதாண்டுகள் ஆகியிருந்தன. வடபகுதி வாக்காளருக்குத் தெற்கின் கறுப்பின மக்களைப் பற்றிய கவலை குறைந்து, தம் வயிற்றுப்பாட்டைப் பற்றிய கவலை மிகுந்தது. 1874 தேர்தலில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் ஏறத்தாழ இருநூறு இடங்களிலிருந்து நூறுக்கு வீழ்ந்தது. போருக்குப் பின் முதன்முறையாக ஜனநாயகக் கட்சி பெரும்பான்மை பெற்றது.

அதன் பிறகு ஊசல் ஓயவே இல்லை. 1880இல் குடியரசுக் கட்சி. 1882இல் ஜனநாயகக் கட்சி. 1888இல் மீண்டும் குடியரசுக் கட்சி. 1890இல் மீண்டும் ஜனநாயகக் கட்சி. 1894இல் மறுபடியும் குடியரசுக் கட்சி.

1890ஆம் ஆண்டின் வீழ்ச்சி சுவையானது. அப்போது சபாநாயகர் தாமஸ் ரீட். எதிர்க்கட்சியினர் சபையில் உட்கார்ந்துகொண்டே, பெயரை அழைத்தால் பதில் சொல்லாமல், போதிய உறுப்பினர் வருகை இல்லை என்று சபையை முடக்கிவந்தார்கள். வகுப்பில் இருந்துகொண்டே 'உள்ளேன் ஐயா' சொல்லாத மாணவரைப் போல! ரீட் அவர்களைப் பார்த்து, கண்ணெதிரே இருப்பவர் எல்லோரும் வந்தவரே என்று பெயரைக் குறிக்கச் சொல்லிவிட்டார். அதன் பிறகு சட்டங்கள் விரைந்து நிறைவேறின. அவற்றில் ஒன்று வில்லியம் மெக்கின்லி கொண்டுவந்த சுங்கவரிச் சட்டம். இறக்குமதிப் பொருள்களுக்கு ஏறத்தாழ ஐம்பது சதவீதம் வரி. விலையேற்றத்தை அஞ்சிய மக்கள் தேர்தலில் பழிதீர்த்தார்கள். 332 இடங்கள் கொண்ட சபையில் குடியரசுக் கட்சிக்கு 90 இடங்கள்கூடக் கிடைக்கவில்லை. மெக்கின்லியே தம் தொகுதியில் தோற்றார்.

ஆனால் ஊசல் திரும்பியது. 1893இல் மீண்டும் பொருளாதார நெருக்கடி வந்தது. அப்போது ஆட்சியில் இருந்தது ஜனநாயகக் கட்சி. 1894 தேர்தலில் அக்கட்சி நூறுக்கும் மேற்பட்ட இடங்களை இழந்தது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் வரலாற்றில் ஒரே தேர்தலில் ஒரு கட்சி கண்ட மிகப் பெரிய வீழ்ச்சி இதுவே. 1890இல் தோற்ற மெக்கின்லி 1896இல் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இத்தனை வேகமாகக் கட்சிகள் மாறியதற்குக் காரணம் என்ன? இரண்டாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்பது ஒன்று. பல தொகுதிகளில் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே சொற்ப வாக்குகளே இருந்தன என்பது மற்றொன்று. நூற்றுக்கு மூன்று நான்கு பேர் மனம் மாறினாலே எத்தனையோ தொகுதிகள் கை மாறின. ஊசலின் நூல் நீளமாக இருந்து, குண்டும் தடையின்றி ஆடினால், மெல்லிய தள்ளலுக்கும் அது அசையும் அன்றோ? தடையின்றி ஆடுவதுதான் இங்கே முக்கியம்.

எட்டுப் பெட்டிகள்

இதே காலத்தில் தென் மாநிலங்களில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

முதலில் துப்பாக்கி. 1875இல் மிஸிஸிப்பி மாநிலத் தேர்தலுக்கு முன் கறுப்பின வாக்காளர்கள் கொல்லப்பட்டார்கள், விரட்டப்பட்டார்கள். ஆளுநர் மத்திய அரசிடம் படை கேட்டார், கிடைக்கவில்லை. கறுப்பின மக்கள் பெருவாரியாக வாழ்ந்த யாஸூ வட்டாரத்தில் குடியரசுக் கட்சிக்கு விழுந்த வாக்குகள் ஏழு. ஏழாயிரமோ எழுநூறோ அல்ல, ஏழு! 1877இல் தெற்கின் மாநில ஆட்சிகளுக்குக் காவலாக நின்ற எஞ்சிய படைகளும் விலக்கிக்கொள்ளப்பட்டன.

துப்பாக்கிக்குப் பிறகு வந்தது தந்திரம். 1882இல் தெற்குக் கரோலினா ஒரு தேர்தல் சட்டம் செய்தது. ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனி வாக்குப் பெட்டி. ஆக எட்டுப் பெட்டிகள். எந்தப் பெட்டி எந்தப் பதவிக்கு என்று பெட்டியின்மேல் எழுதியிருக்கும். மாறிப் போட்ட வாக்கு செல்லாது. பெட்டிகளை வரிசை மாற்றி மாற்றி வைப்பார்கள். படிக்கத் தெரிந்தவருக்கு இது தொல்லையில்லை. படிக்கத் தெரியாதவருக்கு எட்டுப் பெட்டிகளும் எட்டுச் சுவர்கள்.

பிறகு கட்சிச் சீட்டுகளை ஒழித்து, அரசே அச்சிட்டு மறைவில் அளிக்கச் செய்யும் சீட்டு வந்தது. 1888இல் மாசசூசெட்ஸ் இதற்குச் சட்டம் இயற்றியது. சில ஆண்டுகளில் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றின. மிரட்டலையும் விலைபேசலையும் தடுக்க வந்த நல்ல சீர்திருத்தம் அது. ஆனால் அந்தச் சீட்டில் நிறம் இல்லை, பெயர்கள் மட்டுமே. டென்னஸி, ஆர்க்கன்சாஸ் போன்ற தென் மாநிலங்களில் அதுவே எழுத்தறியாதவரை வடிகட்டும் சல்லடையும் ஆயிற்று. வண்ணச் சீட்டின் வசதியை முன்பு நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

1890இல் மிஸிஸிப்பி புதிய அரசியல் சட்டமே எழுதியது. வாக்களிக்க இரண்டு டாலர் வரி கட்ட வேண்டும். அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைப் படிக்க வேண்டும், அல்லது படிக்கக் கேட்டுப் பொருள் சொல்ல வேண்டும். பொருள் சரியா தவறா என்று தீர்ப்பவர் வெள்ளைக்கார அதிகாரி. அதே ஆண்டு, தேர்தல்களை மத்திய அரசு கண்காணிக்க வேண்டும் என்ற மசோதா பிரதிநிதிகள் சபையில் 155க்கு 149 என்று நிறைவேறி, செனட்டில் முடங்கி மாண்டது. 1898இல் உச்ச நீதிமன்றம் மிஸிஸிப்பியின் விதிகள் செல்லும் என்றது. அவ்விதிகளில் 'கறுப்பர்' என்ற சொல்லே இல்லையாம்!

ஆனால் எழுத்தறியாத வெள்ளையரும் இருந்தார்களே, அவர்களுக்கு என்ன வழி? 1898இல் லூசியானா அதற்கும் வழி கண்டது. 1867ஆம் ஆண்டின் முதல் நாளிலோ அதற்கு முன்போ யாருக்கு வாக்குரிமை இருந்ததோ, அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சோதனை வேண்டாம் என்றது. அந்த நாளில் கறுப்பின மக்களுக்கு அங்கே வாக்குரிமை இல்லை. பாட்டனார் அடிமையாக இருந்த குற்றத்துக்குப் பேரனுக்குத் தண்டனை. லூசியானாவில் 1896இல் பதிவு பெற்றிருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1904இல் 1,342 பேர்.

இங்கே நாம் நின்று யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. போருக்கு முன், தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பது சட்டப்படி குற்றம். படிக்கக்கூடாது என்று சட்டம் போட்ட அதே மாநிலங்கள், அரை நூற்றாண்டு கழித்து, படிக்கத் தெரியாதவனுக்கு வாக்கு இல்லை என்று சட்டம் போட்டன. தெற்கு மட்டும் குற்றவாளி என்று எண்ண வேண்டாம். வடக்கே கனெக்டிகட் 1855இலும் மாசசூசெட்ஸ் 1857இலும், ஏழை அயர்லாந்துக் குடியேறிகளை வாக்குச்சாவடியிலிருந்து விலக்கி வைக்க எழுத்தறிவுச் சோதனையைக் கொண்டுவந்திருந்தன.

இதனால் கட்சிகளின் பலம் என்ன ஆயிற்று? அடிமைமுறை ஒழிந்ததால், ஐந்தில் மூன்று பங்கு என்ற பழைய கணக்கும் ஒழிந்தது. இடங்களைப் பங்கிடும்போது கறுப்பின மனிதர் முழு மனிதராகவே எண்ணப்பட்டார். வாக்குச்சாவடியில் மட்டும் அவர் இல்லை. ஆக, முன்னைவிட அதிக இடங்கள் தெற்குக்கு; அந்த இடங்களை நிரப்பும் வாக்குகளோ முன்னைவிடக் குறைவு. வாக்கைப் பறிக்கும் மாநிலத்தின் இடங்களைக் குறைக்க வேண்டும் என்று 1868இன் பதினான்காம் திருத்தம் சொல்லியது. அந்த விதி ஒருநாளும் செயற்படவில்லை. தெற்கின் பெரும்பகுதி பல பத்தாண்டுகளுக்கு ஜனநாயகக் கட்சியின் கோட்டையாகவே இருந்தது. ஒரே கட்சி, போட்டியில்லாத் தேர்தல். வடக்கில் ஊசல் ஆடியது; தெற்கில் அது கட்டிப்போடப்பட்டது.

1901 ஜனவரி 29ஆம் நாள் வடக்குக் கரோலினாவின் ஜார்ஜ் ஒயிட் பிரதிநிதிகள் சபையில் எழுந்து பேசினார். அவர்தான் அச்சபையில் எஞ்சியிருந்த ஒரே கறுப்பின உறுப்பினர். இது எம் மக்கள் காங்கிரசுக்குச் சொல்லும் தற்காலிக விடைதான். சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவைபோல ஒருநாள் மீண்டும் வருவோம் என்ற கருத்தில் பேசி விடைபெற்றார். அடுத்த கறுப்பின உறுப்பினர் 1928இல், அதுவும் வடக்கே சிகாகோ நகரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். 1965இல் வாக்குரிமைச் சட்டம் தென் மாநிலங்களின் எழுத்தறிவுச் சோதனைகளை நிறுத்திவைத்தது. 1975இல் நாடு முழுவதும் அவை நிரந்தரமாக ஒழிந்தன. ஒயிட் பிறந்த வடக்குக் கரோலினாவிலிருந்து மீண்டும் ஒரு கறுப்பினத்தவர் காங்கிரசுக்குச் செல்ல 1992 வரை ஆயிற்று.

இன்னொரு நாட்டின் பெட்டிகள்

எட்டுப் பெட்டிகளைப் பற்றிப் படித்த அன்று எனக்கு வேறு பெட்டிகள் நினைவுக்கு வந்தன. நம் நாட்டின் முதல் பொதுத்தேர்தல் 1951–52இல் நடந்தது. அப்போது வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். வெள்ளையர் ஆட்சியில் சொத்தும் வரியும் படிப்பும் பார்த்தே வாக்குரிமை தரப்பட்டது. நம் அரசியல் சட்டமோ வயது வந்த ஆண், பெண் அனைவருக்கும் வாக்கு என்றது. படிப்புக் கேட்கவில்லை; சொத்துக் கேட்கவில்லை. அந்தத் தேர்தலிலும் ஒரே சாவடியில் பல பெட்டிகள் வைத்தார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சின்னம். வாக்காளர் தமக்குப் பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும்.

அங்கே பல பெட்டிகள் வைத்தது எழுத்தறியாதவரை வெளியே தள்ள. இங்கே பல பெட்டிகள் வைத்தது எழுத்தறியாதவரை உள்ளே அழைக்க. பெட்டி ஒன்றுதான், வைத்தவர் நோக்கம் வேறு.

என் தந்தை கைநாட்டு வைப்பவர். என் கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்தில் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகைதான் இருக்கிறது. அன்று அதைப் பார்த்து எனக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர் தேர்தல் நாளன்று காலையில் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, வரிசையில் நிற்கத் தவறியதே இல்லை. சின்னத்தைப் பார்த்து வாக்களித்துவிட்டு, விரல் மையோடு வயலுக்குப் போவார். எந்த விலைக்கு நெல் விற்கிறது, எந்த வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மிஸிஸிப்பியின் அதிகாரி முன் அவர் நின்றிருந்தால், ஒரு பிரிவைப் படிக்கச் சொல்லி, முடியாது என்று கண்டு, திருப்பி அனுப்பியிருப்பார்கள். படித்த மகனாகிய நான் உள்ளே போயிருப்பேன்; என்னைப் படிக்கவைத்தவர் வெளியே நின்றிருப்பார்.

படித்தவர்களுக்கு மட்டும் வாக்குரிமை இருந்தால் நாடு உருப்படும் என்று நம் விடுதியிலேயே நண்பர்கள் சிலர் வாதிடுவதுண்டு. நானும் ஒருகாலத்தில் தலையாட்டியிருக்கிறேன். அந்த யோசனை புதியதன்று. அது நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு பெரிய நாட்டில் செய்து பார்த்த சோதனை. சோதனையின் முடிவு 1,30,334 என்ற எண் 1,342 ஆனதுதான்.

ஆய்வகத்தில் எங்கள் ஆசிரியர் சொல்வார்: ஊசல் ஆடவில்லை என்றால் புவியீர்ப்பைக் குறைசொல்லாதீர்கள், முதலில் நூலை யாராவது பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். தேர்தல் முடிவு வந்தவுடன் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்று எண்ணுகிறோம். இனி, வரிசையில் யார் யார் நின்றார்கள், யார் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதையும் சேர்த்து எண்ணுவோம். வருகிற தேர்தலில் நான் முதன்முறையாக வாக்களிப்பேன். என் தந்தைக்குப் பின்னால் அதே வரிசையில் நிற்பேன்.